ஆப்பிரிக்க மாட்டின் அம்மா யார்?

இன்னைக்கு எபிசோடில் ஒரு மாட்டைப் பற்றிப் பேசப்போறோம். பெயர் போரான். எத்தியோப்பியாவின் தெற்கிலும் கென்யாவின் வடக்கிலும் மேய்கிற மாடு. கேட்டுக்கிட்டே ஒரு நிமிஷம் போட்டோ தேடிப் பாருங்க. முதுகில் திமில், கழுத்துக்குக் கீழே தொங்கும் அலைதாடி, வெளிர் நிற உடம்பு. நம்ம காங்கேயம் மாட்டுக்குத் தூரத்துச் சொந்தம் என்று யாராவது சொன்னால் உடனே நம்பிடுவீங்க.

நம்பலாம், சொந்தம்தான். ஆனா அப்பா வழியில் மட்டும். அம்மா வழியில் அதற்கும் காங்கேயத்துக்கும் சம்பந்தமே கிடையாது.

ஆப்பிரிக்காவில் மாடு மேய்த்த சமூகங்கள் பலவும் தங்கள் வரலாற்றைப் பாட்டாகவும் கதையாகவும் வைத்திருந்தன. எழுத்தில் இருப்பது பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவங்க எழுதினது. அதனால் சில ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி யார் எங்கிருந்து எந்த மாட்டை ஓட்டிட்டு வந்தாங்க என்பதற்குப் பதில் ரொம்ப நாள் கிடைக்கவில்லை. கடைசியில் பதில் கிடைத்த இடம் அந்த மாடுகளின் டிஎன்ஏ. நம்மில் கோட் எழுதுறவங்களுக்குப் புரியிற மாதிரி சொன்னா, டாக்குமென்டேஷன் இல்லாத ஒரு ப்ராஜெக்ட்ல கிட் லாக் மட்டும் பத்திரமா இருந்த மாதிரி. அந்த லாக்கை இன்னைக்குப் படிக்கப்போறோம். அந்த லாக் இப்போ அழிய ஆரம்பிச்சிருக்கு என்பதையும் கடைசியில் பேசுவோம்.

இரண்டு இடம், இரண்டு மாடு

முதலில் கொஞ்சம் பின்னணி. உலகத்தில் இன்னைக்கு இருக்கிற வீட்டு மாடுகள் எல்லாமே ஆராக்ஸ் என்கிற பெரிய காட்டு மாட்டிலிருந்து வந்தவை. அந்த இனத்தின் கடைசி மாடு 1627ல் போலந்தில் செத்துப்போனது. அதற்குப் பல ஆயிரம் வருஷம் முன்பே மனுஷங்க அதைப் பழக்கி வீட்டுக்குக் கொண்டுவந்துட்டாங்க.

ஒரு பழக்கம் நடந்த இடம் இன்றைய துருக்கி, சிரியா பக்கம், சுமார் 10,500 வருஷத்துக்கு முன்னாடி. அதிலிருந்து வந்தது திமில் இல்லாத மாடு. ஐரோப்பாவின் ஹோல்ஸ்டீன், ஜெர்சி எல்லாம் அந்தக் குடும்பம். ஆய்வாளர்கள் இதை டாரின் என்பாங்க. இன்னொரு பழக்கம் சிந்து சமவெளிப் பக்கம், இன்றைய பலுசிஸ்தானில் இருக்கும் மெஹர்கர் போன்ற இடங்களில், சுமார் 8000 வருஷத்துக்கு முன்னாடி. அதிலிருந்து வந்தது திமில் மாடு. இதற்கு ஜெபு என்று பெயர். காங்கேயம், சாஹிவால், ஓங்கோல் எல்லாம் இந்தக் குடும்பம்.

ஒரே மாட்டைப் பழக்கி, பிறகு வெப்பமான ஊருக்குப் போனதும் அதற்குத் திமில் வந்துச்சா, இல்லை இரண்டும் தனித்தனியாப் பழக்கப்பட்டதா? இது நீண்ட நாள் விவாதம். 1994ல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் ரோனன் லாஃப்டஸ், டேனியல் பிராட்லி முதலானோர் இதைச் சோதிக்க ஐரோப்பிய, இந்திய, ஆப்பிரிக்க மாடுகளின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை எடுத்துப் பார்த்தாங்க.

மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ அம்மாவிடமிருந்து மட்டும்தான் பிள்ளைக்கு வரும். அப்பாவின் பங்கு அதில் இல்லை. அதனால் அது ஒரு நேர்க்கோடு. அம்மா, அம்மாவின் அம்மா, அவளுடைய அம்மா என்று பின்னாடி போய்க்கிட்டே இருக்கலாம்.

ரிசல்ட் தெளிவா வந்தது. இந்திய மாடும் ஐரோப்பிய மாடும் லட்சக்கணக்கான வருஷத்துக்கு முன்பே பிரிந்த இரண்டு கிளைகள். விவசாயமே 12,000 வருஷத்துக்குள் வந்த விஷயம். ஆகவே இரண்டு தனித்தனிப் பழக்கம் நடந்திருக்கணும். விவாதத்தின் ஒரு பாதி அங்கேயே முடிஞ்சது.

ஆனா அதே ரிசல்ட்ல இன்னொரு விஷயமும் இருந்தது. ஆப்பிரிக்காவின் திமில் மாடுகளின் தாய்வழியும் திமில் இல்லாத மாட்டின் பக்கம்தான் போய் நின்றது. பார்க்க இந்திய மாடு, தாய்வழியில் டாரின்.

காளை மட்டும் கப்பல் ஏறியது

இது எப்படிச் சாத்தியம்? ஒரு மேய்ப்பரின் இடத்திலிருந்து யோசிங்க. உங்ககிட்ட ஐம்பது பசு இருக்கு, எல்லாம் திமில் இல்லாத உள்ளூர் மாடு. கடற்கரைப் பக்கமிருந்து வந்த வியாபாரியிடம் ஒரு திமில் காளை இருக்கு. வெயில் தாங்கும், குறைந்த தண்ணியில் சமாளிக்கும், நீண்ட தூரம் நடக்கும். ஐம்பது பசுவையும் மாற்ற யாராலும் முடியாது. ஒரு காளையை வாங்கினால் போதும்.

அடுத்து நடப்பது சாதாரணக் கணக்கு. முதல் தலைமுறைக் கன்றில் பாதி ஜெபு. அந்தக் கிடேரிக்கு மறுபடியும் ஜெபு காளையைச் சேர்த்தால் முக்கால்வாசி. மூன்றாவது தலைமுறையில் 87.5 சதவீதம். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் மந்தை பார்வைக்கு முழுக்க ஜெபு. ஆனா ஒவ்வொரு கன்றின் தாய்வழியும் அந்த முதல் ஐம்பது பசுவில்தான் போய் முடியும்.

அப்பா வழியையும் பார்த்தாங்க. ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது. ஆப்பிரிக்கா முழுக்க ஜெபு ஒய் குரோமோசோம் பரவியிருக்கு, பார்வைக்குத் திமில் பெரிதாக இல்லாத சில இனங்களில்கூட. தாய் ஆப்பிரிக்கா, தந்தை ஆசியா என்ற முடிவுக்கு இரண்டு பக்கமிருந்தும் சாட்சி வந்துவிட்டது.

இதே தந்திரம் ஆப்பிரிக்காவுக்கு முன்பே வேறொரு இடத்தில் நடந்திருக்கு. 2019ல் மேற்கு ஆசியாவின் பழங்கால மாட்டு எலும்புகளில் 67 ஜீனோம்களைப் படித்த ஒரு ஆய்வு வந்தது. சுமார் 4200 வருஷத்துக்கு முன்னாடி அங்கே ஜெபுவின் கலப்பு சட்டென்று ஏறியிருக்கு, அதுவும் முக்கியமாகக் காளைகள் வழியாக. அது பெரிய வறட்சிக் காலத்தோடு ஒத்துப்போகிறது. வறட்சி தாங்கும் மாடு வேணும் என்று மேய்ப்பர்கள் தெரிந்தே கலந்திருக்காங்க என்பதுதான் அந்த ஆய்வாளர்களின் விளக்கம்.

சரி, ஆப்பிரிக்காவின் அந்த முதல் அம்மாக்கள் எங்கிருந்து வந்தாங்க? எகிப்தின் தெற்கில் நப்தா ப்ளாயா என்ற இடத்தில் கிடைத்த பழைய மாட்டு எலும்புகளை வைத்து, ஆப்பிரிக்காவிலேயே தனியாக மாடு பழக்கப்பட்டது என்று ஃப்ரெட் வென்டார்ஃப் குழு வாதாடியது. 2002ல் நைரோபியின் சர்வதேச கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஒலிவியே ஹனோத்தும் சகாக்களும் 23 நாடுகளின் 50 மாட்டுக் கூட்டங்களை ஒப்பிட்டுக் கண்டம் முழுக்க ஒரு வரைபடம் போட்டாங்க. அதுவும் உள்ளூர்த் தொடக்கம் என்ற பக்கம்தான் சாய்ந்தது. 2014ல் உலகம் முழுவதும் 134 இனங்களைப் பார்த்த ஆய்வு வேறு மாதிரி சொன்னது. மேற்கு ஆசியாவிலிருந்து வந்த மாடு, ஆப்பிரிக்காவின் காட்டு ஆராக்ஸோடு நிறையக் கலந்திருக்கிறது என்றது. எலும்பை வைத்துப் பேசுவோரும் ஜீனை வைத்துப் பேசுவோரும் இன்னும் இதில் முழுசா ஒத்துப்போகலை. எந்தப் பக்கம் எடுத்தாலும் அந்த அம்மாக்களுக்குள் ஆப்பிரிக்க மண்ணின் பங்கு ஆழமா இருக்கு.

ஒரு ஈ போட்ட எல்லைக்கோடு

இப்போ ஒரு கேள்வி வரணும். ஜெபு காளை இவ்வளவு நல்லதுன்னா, கண்டம் முழுக்க ஏன் ஜெபுவாக மாறவில்லை? மேற்கு ஆப்பிரிக்காவின் ஈரமான பகுதிகளில் இன்னைக்கும் திமிலே இல்லாத மாடு மேய்கிறது. கினியின் ஃபூட்டா ஜாலோன் மலைப்பகுதியிலும் காம்பியா, செனகல் பக்கமும் வளர்க்கும் என்டாமா அதில் பிரபலம். சின்ன உடம்பு, குறைந்த பால்.

காரணம் செட்சி ஈ. இது கடிக்கும்போது ட்ரிபனோசோம் என்ற நுண்ணுயிரி மாட்டின் ரத்தத்தில் இறங்கும். மாடு ரத்தசோகை பிடித்து மெலிந்து சாகும். ஜூலு மக்கள் இந்த நோயை நாகனா என்பாங்க. 1895ல் ஜூலுலாந்தில் டேவிட் புரூஸ் என்ற பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் இதற்குக் காரணமான நுண்ணுயிரியைக் கண்டுபிடிச்சார். இந்த ஈ வாழும் பரப்பு கிட்டத்தட்ட ஒரு கோடி சதுர கிலோமீட்டர், அதாவது இந்தியாவைப் போல மூன்று மடங்கு.

ஆப்பிரிக்க எருமையையும் மான்களையும் இதே ஈ கடிக்குது. ஆனா அவை படுப்பதில்லை. லட்சக்கணக்கான வருஷம் அதோடு சேர்ந்தே பரிணமித்த உயிர்கள் அவை. வெளியிலிருந்து வந்த ஜெபுவுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. என்டாமா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சில ஆயிரம் வருஷமா ஈ இருக்கிற காட்டோரத்தில் வளர்ந்து, சாகாமல் சமாளிக்கக் கற்றுக்கொண்ட மாடு. அதற்கும் நோய் வரும். ஆனா ரத்தசோகை முற்றாது. எடை குறையாது, கன்று போடும்.

இதற்குக் காரணமான ஜீன் எது? ஹனோத் குழு என்டாமாவையும் போரானையும் கலந்து, பேரப்பிள்ளைத் தலைமுறை வரை வளர்த்து, 2003ல் முடிவை வெளியிட்டது. ஒற்றை மந்திர ஜீன் எதுவும் இல்லை. ஜீனோமின் பல இடங்களில் சின்னச் சின்னப் பங்குகள் சிதறிக் கிடந்தன. அதைவிட ஆச்சரியம், சில இடங்களில் நோயைத் தாங்க உதவும் பிரதி போரான் பக்கமிருந்து வந்திருந்தது. பலவீனமான மாடு என்று நினைத்ததற்குள்ளும் உபயோகமான துண்டுகள் இருந்தன. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.

1887: எல்லாம் சாய்ந்த வருஷம்

இந்த லாக்கில் ஒரு பெரிய வெட்டு 1887ல் விழுகிறது.

அந்த வருஷம் இத்தாலியப் படைகள் செங்கடல் ஓரம் இருக்கும் மசாவா துறைமுகத்தில் இருந்தன. படைக்காக இறக்குமதியான மாடுகளோடு வெக்கை நோய் வந்திறங்கியது. அந்த மாடுகள் இந்தியாவிலிருந்து வந்தவை என்றே பெரும்பாலும் சொல்லப்படுது. ஆங்கிலத்தில் ரிண்டர்பெஸ்ட் என்று பெயர். ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் பழைய நோய். சஹாராவுக்குத் தெற்கே இருந்த மாடுகளுக்கு அதை எதிர்த்து எந்தப் பாதுகாப்பும் இல்லை.

எத்தியோப்பியாவில் உழவு மாடு இல்லாமல் விவசாயம் நின்றது. 1888 முதல் 1892 வரை நடந்த பஞ்சத்தை அவங்க தீய நாட்கள் என்று சொல்றாங்க. மூன்றில் ஒருவர் இறந்திருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு. கென்யா, தான்சானியா வழியாக இறங்கிய நோய் 1896ல் ஜாம்பேசி ஆற்றைத் தாண்டியது. தென்னாப்பிரிக்காவில் ராபர்ட் கோக்கையே வரவழைத்து மருந்து தேடினாங்க. ஜாம்பேசிக்குத் தெற்கே மட்டும் 50 லட்சம் மாடுகளுக்கு மேல் செத்தன என்கிறது மதிப்பீடு. பல இடங்களில் பத்தில் எட்டு, ஒன்பது மாடு போச்சு. மாசாய் மக்கள் மாட்டோடு சேர்த்துப் பலத்தையும் இழந்தாங்க. 1904ல் பிரிட்டிஷார் அவங்களோடு ஒப்பந்தம் போட்டு நல்ல மேய்ச்சல் நிலத்தை வாங்கிக்கிட்ட கதை இதற்குப் பிறகுதான் வருது.

மாடு செத்த இடத்தில் மக்கள் மறுபடி மந்தை சேர்த்தாங்க. வாங்கினாங்க, இரவல் கேட்டாங்க, பக்கத்து ஊரில் திருடவும் செய்தாங்க. அப்படிச் சேர்ந்ததில் ஜெபுவின் பங்கு இன்னும் கூடியது என்று ஆய்வாளர்கள் கருதுறாங்க. காட்டிலும் அதே அழிவு. ஆப்பிரிக்க எருமைகள் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்தன.

நூறு வருஷம் கழித்து, 1990களில் எருமைகளின் டிஎன்ஏவைப் பார்த்தவங்க எதிர்பார்த்தது பெரிய சேதத்தை. ஏன்னா கூட்டம் சிறுத்தால் ஜீன் வகைகள் காணாமல் போகும். ஆனா கிழக்கு ஆப்பிரிக்க எருமைகளிடம் வகைகள் நிறையவே இருந்தன. எண்ணிக்கை பயங்கரமாகக் குறைந்தாலும் அது குறுகிய காலம்தான். மிச்சமிருந்தவை பல இடங்களில் சிதறியிருந்தன, சீக்கிரம் பெருகிவிட்டன. ஜீன் வகை அழிவதற்குக் கூட்டம் சின்னதானால் மட்டும் போதாது, பல தலைமுறை சின்னதாகவே இருக்கணும்.

அதே எருமையின் ஜீனோமில் இன்னொரு பழைய தழும்பு தெரிந்தது. ராஸ்மஸ் ஹெல்லர் குழு 2008ல் சொன்னபடி, சுமார் 5000 வருஷத்துக்கு முன்னாடி எருமைகளின் எண்ணிக்கையில் பெரிய, நீண்ட சரிவு. அந்தச் சமயத்தில்தான் ஆப்பிரிக்கா வறண்டது, மனிதர்களும் அவங்களுடைய மாடுகளும் பெருகினாங்க. வீட்டு மாடு வளர்ந்த கதையும் காட்டு எருமை சுருங்கிய கதையும் ஒரே காலத்தில் நடந்தவை.

வெக்கை நோய்க்கு முடிவு வந்தது தடுப்பூசியால். கென்யாவின் முகுகாவில் வால்டர் ப்ளோரைட் உருவாக்கிய தடுப்பூசி 1960களில் பரவலானது. கடைசியாக உறுதியான நோய் கண்டது 2001ல், கென்யாவின் மேரு தேசியப் பூங்கா எருமைகளிடம். 2011ல் நோய் ஒழிந்தது என்று அறிவிச்சாங்க. பெரியம்மைக்குப் பிறகு மனிதர்கள் உலகத்திலிருந்தே ஒழித்த இரண்டாவது நோய் இதுதான்.

இப்போ நடக்கிற கலப்பு

2020ல் ஆப்பிரிக்காவின் உள்ளூர் மாடுகள் 172ன் முழு ஜீனோமைப் படித்த ஆய்வு வந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவின் கொம்பு முனைப் பகுதியில் ஜெபுவும் டாரினும் பெரிய அளவில் கலந்தது சுமார் 750 முதல் 1050 வருஷத்துக்கு முன்னாடி என்று அது கணக்கிட்டது. இந்தியப் பெருங்கடல் வணிகம் சூடாக இருந்த காலம் அது. ஆனா என்னைப் பொறுத்தவரை இதைவிட முக்கியம் அடுத்த கண்டுபிடிப்பு. கலந்த பிறகும் ஜீனோமின் சில இடங்களில் டாரின் துண்டு வழக்கத்தைவிட அதிகமாகத் தங்கியிருக்கு, வேறு சில இடங்களில் ஜெபு துண்டு. நோய் எதிர்ப்பு, வெப்பம் தாங்குதல், இனப்பெருக்கம் சம்பந்தப்பட்ட இடங்கள் அதில் இருக்கு. ஈ இருக்கிற ஊரின் கலப்பு மாடுகளில், ட்ரிபனோசோமைத் தாங்க உதவுவதாகத் தோன்றும் டாரின் பகுதி ஒன்று தொடர்ந்து இருந்திருக்கு.

அதாவது இது நிஜமான மெர்ஜ். இரண்டு பக்கத்திலிருந்தும் எது வேலை செய்ததோ அது தங்கியது. அதை வடிகட்டியது அந்த மண்ணும், எந்தக் கன்றை வளர்க்கலாம், எதை விற்கலாம் என்று தலைமுறை தலைமுறையா முடிவு செய்த மேய்ப்பர்களும்.

இன்னைக்கும் கலப்பு நடக்குது. வழி அதேதான், வெளியிலிருந்து வரும் அப்பா. இப்போ காளைக்குப் பதில் சினை ஊசி. பெரும்பாலும் ஹோல்ஸ்டீன் மாதிரியான ஐரோப்பிய இனம். நைரோபியிலோ அடிஸ் அபாபாவிலோ பால் விலை ஏறும்போது, பக்கத்து ஊர் விவசாயி அதிகம் கறக்கும் மாட்டைத் தேடுவது நியாயம். நம்ம ஊரில் ஜெர்சி கலப்பு வந்தது மாதிரியே. அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவர் பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் அந்தப் பாலில் இருக்கு.

ஆனா வித்தியாசம் வேகத்தில் இருக்கு. பழைய கலப்பு பல நூறு வருஷத்தில் நடந்தது. தவறான துண்டு வெளியே போகவும், நல்ல துண்டு தங்கவும் நேரம் இருந்தது. இப்போ மூன்று தலைமுறையில் 87.5 சதவீதம் மாறிடும். என் பாஷையில் சொன்னா இது மெர்ஜ் கிடையாது, ஃபோர்ஸ் புஷ். அதற்கு முந்தைய வெர்ஷன் காணாமல் போகும். எத்தியோப்பியாவின் தென்மேற்கில் ஷெகோ என்ற மாடு இருக்கு. செட்சி ஈயைத் தாங்கும். சுற்றியிருக்கும் ஜெபுவோடு கலந்து கலந்து, அசல் ஷெகோவின் எண்ணிக்கை ரொம்பவே சுருங்கிவிட்டது. ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பு 2007ல் வெளியிட்ட அறிக்கைப்படி, அதற்கு முந்தைய சில வருஷங்களில் உலகத்தில் மாதத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு கால்நடை இனம் அழிந்திருக்கு.

எருமைக் கதையை இங்கே வச்சுப் பாருங்க. வெக்கை நோய் பத்தில் ஒன்பதைக் கொன்றும் ஜீன் வகைகள் பிழைத்தன, ஏன்னா மிச்சம் இருந்தவை எருமைகளாகவே பெருகின. ஷெகோ விஷயத்தில் மாடு எதுவும் சாகத் தேவையில்லை. ஊரில் மாடுகளின் எண்ணிக்கை கூடிக்கிட்டேகூட இருக்கலாம். ஆனா ஒவ்வொரு கன்றிலும் ஷெகோ கொஞ்சம் குறையும். நோயில் சாவது கண்ணுக்குத் தெரியும், ஊரே அழும். இது யாருக்கும் தெரியாமல் நடக்கும்.

பருவநிலை மாறும்போது ஈயின் எல்லை நகரும், உண்ணியின் எல்லை நகரும், வெயில் கூடும். அப்போ எந்த மாட்டின் எந்தத் துண்டு தேவைப்படும் என்று யாராலும் இன்னைக்கே பட்டியல் போட முடியாது. பலவீனமானது என்று நினைத்த போரானுக்குள்ளேயே ட்ரிபனோசோமை எதிர்க்கும் துண்டு இருந்ததே, அது யாரும் தேடி வச்சது இல்லை. போரான் இன்னும் இருந்ததால் கிடைத்தது.

ஷெகோ வளர்க்கும் விவசாயிக்கு அந்த மாட்டிலேயே வருமானம் வர வழி செய்தால் அவர் அதை வச்சுக்குவார். உள்ளூர் இனத்துக்குள்ளேயே நல்ல காளையைத் தேர்ந்தெடுத்துப் பாலைக் கூட்டுவது ஒரு வழி. அதற்கு யார் பணம் கொடுப்பாங்க என்பதுதான் இப்போ பாக்கி இருக்கும் கேள்வி. அந்த விவசாயி பாதுகாப்பது உலகத்துக்கே உபயோகமான விஷயம், ஆனா செலவு இதுவரை அவர் தலையில் மட்டும்தான்.

இந்த எபிசோட் அவ்வளவுதான். உங்க வீட்டிலோ தாத்தா ஊரிலோ நாட்டு மாட்டிலிருந்து கலப்பு மாட்டுக்கு மாறின கதை இருந்தால், எந்த வருஷம், என்ன காரணம் என்று கேட்டு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.